கோவலன் கண்ட கனவு: மணமாகாத தந்தையின் உரிமை குறித்து ஓர் எதிர்வினை

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஊரில் நடந்த ஒரு சிறிய இலக்கியக் கூட்டத்தில் மணிமேகலையைப் பற்றிப் பேசினேன். கூட்டம் என்றால் நூலக மாடியில் பதினைந்து பேர், இரண்டு சுற்றுத் தேநீர், அவ்வளவுதான். பேச்சின் இடையில் மணிமேகலையைக் 'கோவலன் மகள்' என்று ஒருமுறை குறிப்பிட்டேன். முன்வரிசையில் இருந்த தோழி ஒருவர் உடனே இடைமறித்தார். "கோவலன் மகள் என்று சொல்லாதீர்கள், தோழர். மாதவி மகள் என்று சொல்லுங்கள். விதைத்துவிட்டுப் போனவனெல்லாம் உழவன் ஆகிவிட முடியாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது." கைதட்டல் எழுந்தது. நானும் சிரித்துக்கொண்டே அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வாக்கியம் உறுத்தத் தொடங்கியது. பெண்ணுரிமைக்காகப் பல ஆண்டுகள் தெருவில் நின்றவர் அவர். அவரோடு சில இடங்களில் நானும் நின்றிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரை அவர்மீதான தாக்குதல் அன்று. ஆனால் அவர் சொன்னதில் இலக்கியம் பற்றிய பிழை ஒன்றும், சட்டம் பற்றிய பிழை ஒன்றும் இருந்தன. இரண்டாவது பிழையை நம்மில் பலர் முற்போக்கு என்று கருதிக் கைதட்டி வரவேற்கிறோம் என்பதால் இதை எழுத நேர்ந்தது.

1

முதலில் இலக்கியம்.

மாதவிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைச் சிலப்பதிகாரம் நேரடியாகச் சொல்வதில்லை. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்னும் மறையவன் அதை நினைவுகூர்கிறான். அடைக்கலக் காதையில் அச்செய்தி வருகிறது. வாலாமை நாள் நீங்கியபின் மூத்த கணிகையர் கூடிக் குழந்தைக்கு என்ன பெயரிடலாம் என்று ஆராய்கின்றனர். அப்போது கோவலன் முன்வந்து தன் குலதெய்வத்தின் பெயரை இடச் சொல்கிறான். அவன் முன்னோன் ஒருவன் நடுக்கடலில் கப்பல் உடைந்து தத்தளித்தபோது கரைசேர்த்த தெய்வம் மணிமேகலா. அந்தப் பெயரையே ஆயிரம் கணிகையர் கூடி வாழ்த்திக் குழந்தைக்குச் சூட்டுகின்றனர். கோவலன் மாதவியோடு சேர்ந்து நின்று பொன்மழை பொழிகிறான்.

இதன் பொருளை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கோவலன் மணமானவன்தான், ஆனால் மாதவிக்குக் கணவன் அல்லன். அவளை மணக்காத ஒருவன், கணிகையர் குலத்தில் பிறந்த பெண்ணுக்குத் தன் வணிகர் குலத்தின் தெய்வப் பெயரை ஊரறியச் சூட்டுகிறான். 'இது என் குழந்தை' என்று சொல்வதற்கு இதைவிட வெளிப்படையான முறை அக்காலத்தில் வேறொன்று இருந்திருக்க முடியாது. பிற்பாடு மாதவியும் அந்த உறவை மறுப்பதில்லை. மணிமேகலையைக் குலத்தொழிலுக்கு அழைத்துவரச் சித்திராபதி ஆள் அனுப்பும்போது, அவள் கண்ணகியின் மகள் என்று சொல்லியே மாதவி அனுப்ப மறுக்கிறாள். கோவலனைத் தந்தை என்று ஏற்காமல் கண்ணகியை எப்படித் தாய் ஆக்க முடியும்? தந்தைவழி உறவே அங்கு மகளைக் காக்கும் வேலி ஆகிறது.

ஆனால் கோவலனுக்கு இன்னொரு முகமும் உண்டு. கானல்வரியோடு ஊடி எழுந்தவன் மாதவியின் வீட்டுக்குத் திரும்பவில்லை. கண்ணகியோடு இருள் விலகுமுன் புகாரை விட்டுப் புறப்படுகிறான். புறப்படுமுன் மகளை ஒருமுறை பார்த்தான் என்று இளங்கோவடிகள் எங்கும் சொல்லவில்லை. பெயர் சூட்டியவனும் இவனே. பாராமல் போனவனும் இவனே.

மணமாகாத தந்தை என்ற சிக்கலின் இரு பக்கமும் இந்த ஒரு மனிதனில் இருக்கின்றன. தோழி இரண்டாவது கோவலனை மட்டும் கண்டார். நம் சட்டமும் அவனை மட்டுமே காண்கிறது.

2

இனிச் சட்டம்.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் ஆறாவது பிரிவு, குழந்தைக்கு 'இயற்கைக் காப்பாளர்' யார் என்று வரையறுக்கிறது. மணஉறவில் பிறந்த குழந்தைக்குத் தந்தை, அவருக்குப் பின் தாய். (ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்று ஒரு சலுகை.) மணஉறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாய், அவளுக்குப் பின் தந்தை.

இந்த இரண்டாம் பகுதியைத் தனியே எடுத்துப் படித்தால் பெண்ணுக்குக் கிடைத்த வெற்றிபோலத் தோன்றும். தோழி சொன்னது அதைத்தான். இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. சட்டம் தாய்மையை மதித்திருந்தால் மணமான தாயை ஏன் இரண்டாம் இடத்தில் வைத்தது? பத்து மாதம் சுமந்த வலி மணமானவளுக்குக் குறைவா? தாலி கட்டிக்கொண்ட தாய்க்கு இரண்டாமிடம், கட்டிக்கொள்ளாத தாய்க்கு முதலிடம் என்ற வினோதத்துக்கு ஒரே விளக்கம்தான் உண்டு. குலம் தொடர உதவும் குழந்தை ஆணின் சொத்து. அப்படி உதவாத குழந்தை அவளுடைய பாடு. மணஉறவுக்கு வெளியே பிறந்த குழந்தையை 'எவருடைய மகனும் அல்லன்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரால் சுட்டியது பழைய ஆங்கிலச் சட்டம். அந்தப் பார்வையின் எச்சமே இது. ஆணாதிக்கம் எடுத்துக்கொள்ள விரும்பாததைப் பெண்ணிடம் விட்டுச் சென்றிருக்கிறது. அதைப் பரிசு என்று வாங்கி நாம் நெஞ்சில் குத்திக்கொள்கிறோம்.

முதல் பகுதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் ஓர் எழுத்தாளர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 'தி தௌசண்ட் ஃபேசஸ் ஆஃப் நைட்' என்ற நாவலை எழுதிய கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்களில் முதலீடு செய்ய விண்ணப்பித்தபோது, தாயின் கையொப்பம் போதாது என்று திருப்பினார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. 'தந்தைக்குப் பின்' என்பதில் உள்ள 'பின்' என்ற சொல் 'தந்தை இறந்தபின்' என்று மட்டும் பொருள்படாது; தந்தை அக்கறை காட்டாதபோது, இல்லாதபோது என்றும் பொருள்படும் என்று நீதிபதிகள் விளக்கினர். ஒரு சொல்லுக்கு உரை எழுதியே அநீதியின் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். நம் உரையாசிரியர்கள் கண்டால் மகிழ்ந்திருப்பார்கள். ஆயினும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. மணமான தாய் இன்றும் ஏட்டில் இரண்டாமவளே.

அதே 'பின்' இரண்டாம் பகுதியிலும் இருக்கிறது. 'தாய்க்குப் பின் தந்தை.' ஒரே பிரிவில், அடுத்தடுத்த வரிகளில் வரும் ஒரே சொல்லுக்கு இரு பொருள் கொள்வது உரைநெறி ஆகாது. மேல்வரியில் 'பின்' என்பதற்கு 'இல்லாதபோது' என்று பொருளானால், கீழ்வரியிலும் தாய் விலகிக்கொண்ட கணமே தந்தை முன்வர வேண்டும் அல்லவா? நடைமுறை அப்படி இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

3

மணமாகாத தந்தைக்குச் சட்டத்தில் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பொறுப்பு நிறைய உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் இருபதாவது பிரிவு, மணஉறவில் பிறந்த பிள்ளையோ வெளியே பிறந்த பிள்ளையோ, இருவரையும் பேணும் கடமை பெற்றோர்க்கு உண்டு என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் இயங்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவும் அதையே மதவேறுபாடின்றிச் சொல்கின்றன. மறுப்பவனை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பலாம். இது மிகச் சரி. ஒரு சொல்கூட இதில் குறையக் கூடாது.

ஆனால் அதே குழந்தை அவன் இறந்தால் அவனுக்கு வாரிசு அன்று. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் வரையறைப்படி மணஉறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் தாய்க்கும் தமக்குள்ளும் மட்டுமே உறவினர். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்து திருமணச் சட்டத்தின் பதினாறாவது பிரிவு வழிவிடுகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை மேலும் தெளிவாக்கியது. ஆனால் திருமணம் என்ற சடங்கே நடக்காத இடத்தில் அந்தப் பிரிவு உதவாது.

என் பழைய மாணவர் ஒருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஊர், பெயர் வேண்டாம். முதுகலையில் என்னிடம் படித்தவர். பெருநகரத்தில் வேலை கிடைத்தது, ஒரு பெண்ணோடு ஆறு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார், ஒரு மகள். இருவருமே தாலியில் நம்பிக்கை இல்லாதவர்கள். பிறகு கருத்து வேறுபாடு; பிரிந்தார்கள். அவளைப் பற்றி அவர் ஒரு தரக்குறைவான சொல்லும் என்னிடம் சொன்னதில்லை. மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். ஆனால் மகள் வேறு ஊருக்கு அழைத்துச் செல்லப்பட்ட செய்தி அவருக்குப் பள்ளியிலிருந்துதான் தெரிந்தது. புதிய பள்ளியில் போய் நின்றபோது காப்பாளர் பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் சொன்னாராம்: "பணம் கொடுக்கிறதுக்கு நீங்க அப்பா, தம்பி. பிள்ளையைப் பார்க்கணும்னா நீங்க மனுதாரர்."

வழக்கறிஞர் சொன்னது தவறு அன்று. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின்கீழ் மணமாகாத தந்தையும் மனுச் செய்யலாம். குழந்தையின் நலனே தலையாயது என்ற அடிப்படையில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவும் முடிவெடுக்கலாம். கதவு முற்றாக மூடப்படவில்லை. ஆனால் மணமான தந்தை உள்ளே இருந்து தொடங்குகிறார். இவர் வெளியே நின்று தட்ட வேண்டியிருக்கிறது. முன்னவர் ஒருநாளும் குழந்தைக்குச் சோறூட்டாதவராக இருக்கலாம். இவர் நான்கு ஆண்டுகள் இரவெல்லாம் தோளில் போட்டுத் தூங்க வைத்தவர். சட்டம் வேறுபடுத்துவது அந்த நான்கு ஆண்டுகளை வைத்து அன்று. ஒரு சடங்கை வைத்து.

அவர் கடைசியாக என்னிடம் கேட்டது இதுதான்: "வருகைப் பதிவேட்டில் என் மகளின் இனிஷியல் என் பெயருடையதுதான், அம்மா. அந்த எழுத்து உள்ளே போகலாம். நான் போக முடியாதா?" தமிழ் சொல்லிக் கொடுத்தவளிடம் அதற்குப் பதில் இல்லை.

4

இதன் உச்சத்தைக் காண அண்டை மாநிலத்துக்குப் போக வேண்டும். 2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்த்த வழக்கு அது. வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தனர். 2020இல் குழந்தை பிறந்தது. இடையில் உறவு முறிந்து, தந்தை வெளியூரில், தொடர்பு இல்லை. தனித்து நின்ற தாய் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தார். குழு அவரை 'மணமாகாத தாய்' என்று பதிந்து, அவர் கையொப்பத்தை மட்டும் பெற்று, தந்தையைத் தேடாமல் நடைமுறையை முடித்தது. அப்போதிருந்த தத்து விதிமுறைகள் அதற்கு இடம் கொடுத்தன: மணஉறவுக்கு வெளியே பிறந்த குழந்தையைத் தாய் மட்டுமே ஒப்படைக்கலாம். குழந்தை இன்னொரு தம்பதியிடம் தத்துக்குச் சென்றது. பிறகு தாயும் தந்தையும் ஒன்றாக நீதிமன்றப் படியேறினார்கள்.

ஒப்படைத்தவர் மனம் மாற இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. ஒப்படைத்ததே தெரியாத ஒருவருக்கு அந்த அவகாசத்தால் என்ன பயன்?

நீதிமன்றம் அந்தத் தத்து நடைமுறையை ரத்து செய்தது. பெற்ற தந்தையின் உரிமை இயற்கையானது. திருமணம் என்ற நிறுவனத்தின் முத்திரை அதற்கு முன்நிபந்தனை ஆகாது என்று கூறியது. சேர்ந்து வாழ்ந்து, தந்தை யார் என்பதை ஏற்றுக்கொண்ட உறவில் பிறந்த குழந்தையை ஒப்படைக்கும்போது, மணமான பெற்றோர்க்குரிய நடைமுறையே பொருந்தும் என்றது. நான் அறிந்தவரை நம் நாட்டில் இந்தப் பொருளில் இவ்வளவு தெளிவாகப் பேசிய தீர்ப்புகள் குறைவு.

இந்த வழக்கைப் படித்தபோது அடைக்கலக் காதை மீண்டும் நினைவுக்கு வந்தது. மாடலனிடம் கோவலன் தான் கண்ட தீக்கனவு ஒன்றைச் சொல்கிறான். தனக்கும் கண்ணகிக்கும் நேரவிருக்கும் துன்பத்தோடு சேர்ந்து இன்னொரு காட்சியும் அக்கனவில் வருகிறது. போதி அறவோன் முன் மாதவி மணிமேகலையைக் கொண்டுபோய் அளிக்கிறாள். காமன் செயலற்று ஏங்குகிறான். பௌத்த நோக்கில் அது மகளின் உயர்வு. மாதவியின் அந்த முடிவை நான் என்றும் வணங்குகிறேன். சித்திராபதியின் பிடியிலிருந்து மகளைக் காக்க அவளுக்கு வேறு வழி இல்லை. அவள் அதைச் செய்து முடிக்கும்போது கோவலன் உயிரோடும் இல்லை. ஆனால் கனவு கண்ட அந்த நேரத்தில், தன் குலதெய்வத்தின் பெயரைச் சூட்டிய தந்தை உயிரோடு, மதுரைக்கு வெளியே நிற்கிறான். மகள் கையளிக்கப்படும் செய்தி அவனுக்குக் கனவாக வருகிறது. காப்பியத்தில் அது ஊழின் குறிப்பு. நம் காலத்துத் தந்தைக்குக் கனவும் வராது. அறிவிப்புத்தான் வர வேண்டும்; அதைத்தான் அவருக்கு அனுப்ப மறந்தார்கள்.

5

எதிர்ப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. அவற்றில் பல என் வாயிலிருந்தே முன்பு வந்தவை.

'ஆண்கள் மறுப்பவர்கள், ஏமாற்றி ஓடுபவர்கள்' என்பார்கள். உண்மை. நம் இலக்கியமே அதற்குச் சான்று. அகநானூற்றில் கள்ளூர் என்ற ஊரின் கதை வருகிறது. ஒரு பெண்ணின் நலனைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியவே அறியேன் என்று அவையில் பொய்ச்சூள் உரைக்கிறான். சான்றுகளைக் கேட்டறிந்த ஊர் அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் சாம்பலைக் கொட்டுகிறது. பொய்யும் பிழையும் தோன்றிய பிறகே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியமும் சொல்கிறது. திருமணச் சடங்கு பிறந்ததே மறுக்கும் ஆணைக் கட்டுவதற்காக. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கள்ளூர் அவை தண்டித்தது 'அறியேன்' என்றவனை. 'இது என் பிள்ளை' என்று அவைக்கு வந்து நிற்பவன் தலையிலும் அதே சாம்பலைக் கொட்டுவது எந்த அறம்?

'உரிமை கொடுத்தால் அதைத் தாயை மிரட்டும் கருவியாக்குவார்கள்' என்பது இரண்டாவது எதிர்ப்பு. இதுவே வலுவானது, இதை நான் இலேசாகக் கடக்க மாட்டேன். 2015இல் உச்ச நீதிமன்றம் ஏபிசி என்ற புனைபெயரால் அறியப்படும் தாயின் வழக்கில் ஒரு மகத்தான தீர்ப்பைத் தந்தது. தனியே மகனை வளர்த்த அந்தத் தாயிடம், தந்தையின் பெயரைச் சொன்னால்தான் காப்பாளராக்குவோம் என்று கீழ் நீதிமன்றங்கள் பிடிவாதம் பிடித்தன. சொல்லத் தேவையில்லை, அவருக்கு அறிவிப்பு அனுப்பவும் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது என்பதே என் நிலை. அதன் காரணத்தைக் கவனியுங்கள். குழந்தைமீது எந்த அக்கறையும் காட்டாத ஆணுக்குச் சட்ட அங்கீகாரம் தருவது வீண் என்பதே அங்கே அளவுகோல். மணம் ஆகாதவர் என்பதற்காக அன்று, அக்கறை இல்லாதவர் என்பதற்காகவே அவர் விலக்கப்பட்டார். காப்பாளர் குறித்த ஆணைகள் என்றைக்கும் இறுதியானவை அல்ல, பின்னர் கேள்விக்கு உட்படுத்தலாம் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. என் வாதம் அந்தத் தீர்ப்புக்கு எதிரானது அன்று, அதன் மறுபாதி.

வல்லுறவு செய்தவனுக்கும் தந்தையுரிமையா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. தாயை அடித்தவனுக்கு? அவன் மணமானவனாக இருந்தாலும் கூடாது. இன்று மணமான அடிகாரனுக்குச் சட்டம் 'இயற்கைக் காப்பாளர்' என்று பட்டம் தந்துவைத்திருக்கிறதே, அதற்கு எதிராக நாம் ஏன் இவ்வளவு உரக்கப் பேசுவதில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளர்ப்பது தாயின் வேலை, பணம் தருவது தந்தையின் வேலை என்ற பிரிவினையை எதிர்த்துத்தானே நாம் எழுதத் தொடங்கினோம்? மணமாகாத தந்தையிடம் காசோலையை மட்டும் கேட்கும் சட்டம் அந்தப் பிரிவினையைத்தான் கல்லில் பொறிக்கிறது. குழந்தை வளர்ப்பு முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் சுமத்திவிட்டு, அதற்கு 'முதலிடம்' என்று பெயர் சூட்டுகிறது. அவள் நோயுற்றால், வேலை இழந்தால், தனியே தாங்க முடியாமல் குழந்தையை ஒப்படைக்கும் நிலைக்கு வந்தால், கேரளத்தில் நடந்ததுதான் நடக்கும்.

6

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தன என்று பார்ப்பது நமக்கு வெட்கம் தரலாம்; பயனும் தரும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பீட்டர் ஸ்டான்லி என்பவர் மணம் செய்யாமல் ஒரு பெண்ணோடு பதினெட்டு ஆண்டுகள் விட்டுவிட்டு வாழ்ந்து மூன்று குழந்தைகளைப் பெற்றார். அந்தப் பெண் இறந்ததும் குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டது. மணமாகாத தந்தை தகுதியற்றவர் என்று அந்த மாநிலச் சட்டம் விசாரணையின்றியே கருதியது. 1972இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தகுதியை விசாரித்தறியாமல் குழந்தைகளைப் பிரிக்கக் கூடாது என்றது. ஆனால் 1983இல், மகளோடு உறவு எதையும் வளர்த்துக்கொள்ளாத இன்னொரு தந்தை தமக்கு அறிவிப்பின்றித் தத்து நடந்தது என்று முறையிட்டபோது அதே நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. இரத்த உறவு ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதைப் பற்றிக்கொண்டவருக்கே உரிமை என்பது இவ்விரு தீர்ப்புகளின் சாரம். பெயர் சூட்டிய கோவலனையும் பாராமல் போன கோவலனையும் பிரித்தறியும் முறை இதுவே.

இங்கிலாந்தில் 2003 டிசம்பர் முதல், தாயோடு சேர்ந்து பிறப்புப் பதிவில் கையொப்பமிடும் மணமாகாத தந்தைக்கும் பெற்றோர் பொறுப்பு தானே வந்து சேர்கிறது. ஜெர்மனியில் தாய் சம்மதிக்காவிட்டால் கூட்டுப் பொறுப்புக்கு வழியே இல்லாதிருந்தது. பிரிந்த பிறகும் மகளை இரண்டாண்டுக்கு மேல் தன்னிடம் வைத்து வளர்த்த ஒரு தந்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றார். 2009 டிசம்பரில் அந்நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த நாடுகளில் பெண்ணுரிமை இதனால் குன்றிவிடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2024இல் இயற்றி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்டின் பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழ்வோரின் குழந்தை சட்டப்படியான குழந்தையே என்கிறது. அந்த ஒரு வரியை வரவேற்கலாம். ஆனால் சேர்ந்து வாழ்வதையே அரசிடம் பதிவு செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குமேல் பதியாமல் வாழ்ந்தால் சிறை என்று அதோடு ஒரு விலையும் வைத்திருக்கிறது. குழந்தையின் தலையிலிருந்த களங்கத்தை எடுத்துப் பெற்றோரின் கையில் விலங்காகப் பூட்டியதுபோல் ஆயிற்று. நான் கேட்பது இதை அன்று.

7

பின் என்னதான் கேட்கிறேன்?

பிறப்புப் பதிவின்போது தாயும் தந்தையும் சேர்ந்து கையொப்பமிட்டால், அவர்கள் மணமானவர்களா என்று கேட்காமல் இருவரையும் சமமான இயற்கைக் காப்பாளர்களாக ஏற்க வேண்டும். மணமான பெற்றோர்க்கும் இதே சமநிலை வேண்டும். 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் தந்தைக்கும் தாய்க்கும் சமநிலை தரப் பரிந்துரைத்தது இன்னும் ஏட்டிலேயே உறங்குகிறது. தாய் சம்மதிக்காத இடத்தில் வளர்த்த கைகளுக்குச் சான்று கேட்டு நீதிமன்றம் முடிவு செய்யட்டும். மெய்ப்பிக்கும் சுமை தந்தையினுடையதாகவே இருக்கட்டும். தனியே வளர்க்க விரும்பும் தாயிடம் யாரும் பெயர் கேட்கக் கூடாது. தந்தைமையை ஏற்றுக்கொண்ட ஒருவர் இருக்கும்போது, அவரிடம் கேட்காமல் குழந்தையைத் தத்துக்கு அனுப்பக் கூடாது. இவ்வுரிமைகளைப் பெறும் தந்தையின் சொத்திலும் அந்தக் குழந்தைக்குப் பங்கு வர வேண்டும். உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு வாரிசு என்று ஏற்க மறுப்பவன் கள்ளூர்க்காரனே.

இறுதியாக, 'முறைதவறிப் பிறந்த குழந்தை' என்ற தொடரை நம் மொழியிலிருந்து நீக்க வேண்டும். முறை தவறியிருந்தால் தவறியவர் இருவர்; பிறந்தது அன்று. 'அப்பன் பேர் தெரியாதவன்' என்பதை வசையாக வைத்திருக்கும் சமூகம், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும் அப்பனை வாசலில் நிறுத்துவது பெரிய முரண்.

தோழிக்கு என் பதில் இதுதான். விதைத்துவிட்டுப் போனவன் உழவன் அல்லன், சரி. ஆனால் நீர் பாய்ச்சிக் களை எடுத்து இரவெல்லாம் காவல் நின்றவனை, வரப்பில் பட்டா இல்லை என்று துரத்துவதற்கு என்ன பெயர்? அடுத்த கூட்டத்திலும் நான் மணிமேகலையைக் கோவலன் மகள் என்றே சொல்வேன். மாதவி மகள் என்றும் சொல்வேன். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பெண்.

என் மாணவரின் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மகளுக்கு இந்த ஆண்டு ஏழு வயது ஆகிறது.